பழவேற்காட்டு நீர்மனைப் பிரிவு: செலவும் போக்குவரத்தும் குறித்த ஓர் ஆய்வு

திட்டமிட்ட புறநகர்க் குடியிருப்பு என்பது மனை, வழி, வண்டி நிறுத்துமிடம், பராமரிப்புக் கட்டணம், வாயில் ஆகிய ஐந்தும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட இடம். இந்த இலக்கணப்படி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரிக்கு அப்பால் இருக்கும் பழவேற்காடு ஒரு திட்டமிட்ட குடியிருப்பே. திட்டம் தரைமேல் போடப்படாமல் தண்ணீர்மேல் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

தரையில் திட்டம் போட்டுப் பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்துக்கு இவ்வூரைத் தலைமையிடமாக்கினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். வசதி போதாது என்று புறநகரைக் காலி செய்தவர்களின் வரலாறு இங்கே இப்படித்தான் தொடங்குகிறது. அவர்கள் போட்ட மனைகளில் இன்றும் ஒழுங்கு குலையாமல் இருப்பது கல்லறைத் தோட்டம். அங்கே இடத் தகராறு இல்லை.

தண்ணீர்மேல் போட்ட திட்டத்துக்குப் பெயர் பாடு. இந்தச் சொல்லே ஓர் ஆய்வுக்குத் தாங்கும். பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். மீன்பாடு என்றால் வலையில் விழுந்தது. ஏரியிலோ பாடு என்றால் வலை கட்டும் இடமும் அதற்கான முறையும். இடம், முறை, வரவு, வருத்தம் நான்குக்கும் ஒரே சொல் போதும் என்று முடிவெடுத்த சமூகத்துக்குச் சொத்துப் பதிவு ஆவணம் தேவைப்படாததில் வியப்பில்லை.

முறையின் உள்ளமைப்பு வருமாறு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆனாலும் இறால் கிடைக்கும் இடம் முகத்துவாரத்தை ஒட்டிய சிறு பகுதியே. ஏரியில் வளர்ந்த இறால், நீர் வற்றும்போது கடலை நோக்கிப் போகும். அந்த வழியில் கழி நட்டுச் சுத்து வலை கட்டுவார்கள். நல்ல இடம் சில, வலையோ பல. ஒருவனே நாள்தோறும் நல்ல இடத்தில் நின்றால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியைப் பாடுகளாகப் பிரித்து, இன்று இந்த ஊருக்கு இந்தப் பாடு, நாளை அடுத்தது என்று சுழற்சி வகுத்தன. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பது சீட்டு எடுத்து முடிவாகும். முறைகெட்டுக் கழி நட்டவனுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம். சென்னை அடுக்ககங்களில் ஒரே தூணடியில் இருபது ஆண்டு கார் நிறுத்தி அதைப் பூர்வீகச் சொத்தாகக் கருதுவோர் இந்த ஏற்பாட்டை ஊன்றிப் படிக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. இறால் ஏற்றுமதியாகி விலை ஏறியதும், பாடு இல்லாத ஊர்க்காரர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். சண்டை நடந்தது, அதிகாரிகள் வரை போனது. வாசலில் இன்னொருவர் வண்டி நிறுத்தக் கேட்டால் எந்தக் குடியிருப்பிலும் நடப்பதுதான்.

அடுத்து, செலவு. நகரக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு; இங்கே தலைக்கட்டுக்கு. கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழா, வழக்கு, ஊர்ப் பொதுச்செலவு எல்லாம் தலைக்கட்டு வரியில் நடக்கின்றன. கல்யாணம் ஆகாதவன் வரி கட்ட வேண்டாம். கணக்கிலும் வர மாட்டான். இவ்வகையில் தாலிச் செலவைக் குடியிருப்போர் சங்கத்தின் சேர்க்கைக் கட்டணமாகக் கொள்வது தகும்.

கடலுக்குப் போகும் படகில் முதலில் எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் கழியும். மிஞ்சியது பங்காகும்: ஆளுக்குப் பங்கு, படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, இன்ஜினுக்கும் பங்கு. சாப்பிடாத இம்மூவரும் சாப்பிடுகிறவர்களைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் உண்டு. கிழிந்த நாளில் வலை தன் பங்கைத் திருப்பித் தருவதில்லை.

வாயில் பற்றிச் சிறிது. இந்தக் குடியிருப்புக்கு வாயில் ஒன்றே, அது முகத்துவாரம். காவலாளி மணல். மழைக்காலத்தில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் வாயிலைத் திறந்துவிடும். கோடையில் அலை மணலைத் தள்ளி அடைத்துவிடும். அடைத்தால் கடலுக்குப் போகிற படகு தரை தட்டும், கடலிலிருந்து வருகிற இறால்குஞ்சுக்கும் வழியில்லை. ஆண்களும் பெண்களும் இறங்கி மணலை வெட்டித் திறந்த ஆண்டுகள் உண்டு. வாயிலை நிலையாகத் திறந்துவைக்கக் கருங்கல் சுவர் போடும் அரசுத் திட்டம் அதற்குப் பிந்தியது.

தரைப் போக்குவரத்தின் முதல் விதி: சாலையில் முன்னுரிமை வலைக்கு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த வரிசை வீடுகளின் வரைபடத்தில் கூடம் உண்டு, சமையலறை உண்டு; வலைக்கு அறை இல்லை. வலை தெருவுக்கு வந்தது. அதை உலர்த்துவதும் பின்னுவதும் தெருவிலேயே. இருசக்கர வண்டி சுற்றிப் போக வேண்டும். கருவாடு காய்ந்தால் இன்னும் தள்ளி. நாய் விலகாது. கூடை மீனோடு ஷேர் ஆட்டோ ஏறும் பெண்ணுக்கு இரண்டாள் இடம்; கூடைக்குக் கட்டணமா என்பதில் ஓட்டுநருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நாள்தோறும் கருத்துவேறுபாடு நிலவுகிறது. பெரும்பாலும் கூடையே வெல்கிறது.

பழைய போக்குவரத்து இதைவிட நிதானமானது. ஏரி வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடப்போர் கயிறு கட்டி இழுத்துச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். காற்று கூடிவந்தால் பாய் விரித்தார்கள், வராவிட்டால் மறுபடியும் கயிறு. முந்திச் செல்வதற்கு வழியில்லாததால் ஒலிப்பான் தேவைப்படவில்லை.

கடைசி வகை, வானப் போக்குவரத்து. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் புறப்படுகிறது. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவருக்கு அறிவிப்பு வரும். படகுகள் கரையேறி வரிசையாக நிற்கும். அதே நாளில் நகரத்துக் கார்கள் வேடிக்கை பார்க்க வந்து, படகு இழுக்கும் மணல்வரை ஏறிவிடும். யாருக்கு எந்த இடம் என்று சீட்டு எடுக்க அவர்களிடம் ஆள் இல்லை. பிஎஸ்எல்வி புறப்பட்டால் செயற்கைக்கோளை உரிய பாதையில் விட அதற்குப் பெரும்பாலும் இருபது நிமிடம் போதும். அதற்குள் முதல் கார் பின்னால் எடுத்துத் திரும்பியிருக்காது. நடுவில் யாரோ வலை காயப் போட்டிருப்பார்கள்.