குதிகாலைப் பாருடா பேராண்டி

ஏ பேராண்டி, ஃப்ளோரிடாவுல பச்சோந்திக் குஞ்சு வாங்கப் போறியாமே. ஒங்கப்பன் போன்ல பொலம்புனான், நான் சிரிச்சேன். ஆணா பொட்டையான்னு கண்டுபிடிக்கத் தெரியலையாம்ல? கெழவனுக்குத்தான் தூக்கம் வர்றதில்லையே, ராத்திரி பூரா செல்லுல வீடியோவாப் பாத்துத் தள்ளிட்டேன். கேட்டுக்கோ.

விக்கிறவன் எதைக் காட்டினாலும் ஆணுன்னுதான் சொல்லுவான். ஆணுக்குத்தானே நிறமும் வெலையும். அவன் கூண்டுல பொட்டையே பொறக்காது போல. அந்த வம்சம் எப்பிடித்தான் பெருகுதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

நிறத்தப் பாத்து மயங்காத. மடகாஸ்கர்க்காரன் பேந்தர் கமீலியன் இருக்கான் பாரு, வளந்த ஆணு நீலம், செவப்பு, பச்சைன்னு கண்ணப் பறிப்பான். அதுலயும் ஊருக்கு ஒரு நிறம். நோசி பே தீவுக்காரன் நீலப்பச்சை, அம்பிலோபேக்காரனுக்கு ஒடம்புல பட்டை பட்டையா இருக்கும். பொட்டை காவி, ரோஸுன்னு அடக்கமா இருக்கும். ஆனா குஞ்சுல எல்லாம் ஒரே மண்ணு நிறந்தான். அதனால விக்கிறவன் குஞ்சோட அப்பன் போட்டோவக் காட்டுவான். நீ அப்பனையா வாங்கப் போற?

ஏமன் நாட்டுப் பச்சோந்தின்னா ஒனக்குக் கொடுப்பினை இருக்கு. பின்னங்காலத் திருப்பிக் குதிகாலப் பாரு. ஆணுன்னா அங்க ஒரு சின்ன மொட்டு துருத்திக்கிட்டு இருக்கும், நம்ம சேவலுக்கு முள்ளு இருக்குமே, அது மாதிரி. சேவலுக்கு வயசேற ஏறத்தான் முள்ளு நீளும். இவனுக்கு முட்டைய விட்டு வரும்போதே மொட்டு உண்டு. பொட்டைக்குக் கெடையாது. வாழ்நாள் பூரா நிறத்த மாத்துற பிராணி, குதிகால மட்டும் மாத்தாது. தலைக் கொண்டை ரெண்டுக்குமே இருக்கும். ஆணுக்கு ஒசரம்னாலும் குஞ்சுல அதை நம்பாத.

மடகாஸ்கர்க்காரனுக்கு அந்த மொட்டு இல்ல. வாலு தொடங்குற எடத்துல அடிப்பக்கம் புடைச்சிருந்தா ஆணு. அது கண்ணுக்குத் தெரியவே 3, 4 மாசம் ஆகும். அதுக்கு முன்னாடி ஒருத்தன் அடிச்சுச் சொன்னான்னா, பச்சோந்தியோட சேத்துச் சோசியமும் விக்கிறான்னு அர்த்தம்.

"பொட்டையா இருந்தா என்ன தாத்தா, அதுவும் உசுருதானே"ன்னு பெரிய மனுசனாட்டம் பேசுவ. பேசு. ஏமன் பொட்டை புருசன் மொகத்தப் பாக்காமலே முட்டை போடும். ஒரு தடவைக்கு 20, 30. சிலது 50க்கு மேலயும் போகும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணலு வச்சுக் கொடுக்கணும். தோண்ட எடம் கெடைக்கலைன்னா முட்டைய வயித்துலயே அடக்கிச் செத்தும் போகும். நீ பாசத்துல பூச்சிய அள்ளி அள்ளிப் போட்டா முட்டை இன்னும் கூடும். முட்டை போட்டே தேஞ்சு, ஆணுக்கு முந்தியே போயிரும். ஒழைக்கிறவ பாட்ட ஒங்க அப்பத்தாகிட்டக் கேட்டா இன்னும் வெலாவாரியாச் சொல்லுவா. அவளுக்கு நேரந்தான் இல்ல.

"அப்ப ஜோடியா வாங்கிடுறேன்"னு குறுக்குப் புத்தி ஓடுமே! ஒரே கூண்டுல ரெண்டப் போட்டா, ஒண்ண ஒண்ணு பாத்தே கருத்து, எரை எடுக்காம வாடிப்போகும். தனியாக் கெடக்கப் பொறந்த சாதி அது.

லீவுக்கு ஊருக்கு வரும்போது நம்ம வேலியில ஊர்ற பச்சோந்தியப் பிடிச்சு ஒத்திகை பாக்கலாம்னும் நெனைக்காத. 1972 வன உயிரினச் சட்டப்படி அதைப் பிடிக்கிறதும் குத்தம், வளக்குறதும் குத்தம். வனத்துறைக்காரன் ஆணா பொட்டையான்னு கேட்டுக்கிட்டு நிக்க மாட்டான்.

காசு அனுப்புறதுக்கு முன்னாடி, மேலேர்ந்து எடுத்த போட்டோவ ஒதுக்கிட்டுப் பின்னங்காலு தெரியிற போட்டோவக் கேளு. நேர்ல போனா, குஞ்ச அமுக்கிப் பிதுக்கிப் பாக்காம கண்ணால மட்டும் பாரு. "வளந்தாத் தெரிஞ்சுரும்"னு அவன் இழுத்தான்னா, "அப்ப காசும் வளந்தப்பறந்தான்"னு சொல்லு. அந்த நேரம் அவன் மொகம் என்னென்ன நிறத்துக்குப் போகுதுன்னு எனக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு.