மக்கள் பங்கேற்புக்கு ஆள் தேவை

தம்பி, காட்டுக்கு நல்லது செய்துகொண்டே கைநிறையச் சம்பாதிக்க ஆசையா? மக்கள் பங்கேற்புடன் வனவிலங்குப் பாதுகாப்பு என்றொரு தொழில் இருக்கிறது, சேர்ந்துகொள். முதல் தகுதி, காட்டில் பிறந்திருக்கக் கூடாது. அங்கே பிறந்தவனுக்கும் ஒரு வேலை உண்டுதான்: வேட்டைத் தடுப்புக் காவலன். அவன் தடம் பார்த்துப் புலியைச் சொல்வான், அறிக்கையில் உன் பெயர் வரும்.

பங்கேற்க வைப்பதில் நுணுக்கம் உண்டு. 1990-ல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்குச் சுற்றறிக்கை விட்டது. கிராம வனக் குழுக்கள் முளைத்தன. தலைவர் ஊர்க்காரர், செயலாளர் வனவர். தீர்மான நோட்டு யார் கையில் இருந்தது என்று கேட்டால் நீ இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

பிறகு 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்து, காட்டைக் காக்கும் உரிமையே கிராம சபைக்கு உண்டு என்று சொல்லித் தொலைத்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2007 டிசம்பர் 31. முதுமலையைப் புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவித்த அரசாணையின் தேதி டிசம்பர் 28. முதியோர் பென்ஷன் மனு வருடக்கணக்கில் தூங்கும் நாட்டில், இருளருக்கும் பனியருக்கும் உரிமை வருவதற்கு மூன்றே நாள் முன்னால் பாய்ந்தது கோப்பு. புலிகூட அவ்வளவு வேகமாகப் பாயாது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் மட்டும் போய்விடாதே, பிழைப்பு கெட்டுவிடும். அங்கே சோலிகர் பழங்குடியினர் 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை வாங்கிவிட்டார்கள். மனிதன் இருந்தால் புலி இராது என்பதல்லவா நம் வேதம்? 2010-ல் 35 என்று எண்ணப்பட்ட புலி 2014-ல் 68. நம் அறிக்கைகளைப் புலிகள் படிப்பதில்லை. சருகுக்குச் சிறு தீ வைத்துக் காட்டைப் பேணியவர்கள் சோலிகர்கள். அதைத் தடுத்ததால்தான் உண்ணிச்செடி இப்படி மண்டியது என்கிறார்கள். இன்று உண்ணிச்செடியை ஒழிக்கத் தனித் திட்டம், தனி நிதி, தனிப் பயிலரங்கம். பழங்குடிக்கு அதில் வெட்டுக்கூலி.

2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: காப்பகங்களின் மையப் பகுதியிலுள்ள 591 ஊர்கள், 64,801 குடும்பங்களை வெளியே கொண்டுவரும் வேலையை முடுக்குங்கள். குடும்பத்துக்கு 15 லட்சம். இதற்குப் பெயர் தன்விருப்ப இடமாற்றம். விருப்பம் யாருடையது என்று அந்த 64,801 வீட்டிலும் போய்க் கேட்டுப் பார். அதே மையப் பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்று அந்த ஆணையத்தின் 2012 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தேன் எடுக்கப் போகிறவனால் புலிக்குத் தூக்கம் கெடும், ஜீப்பில் கேமராவோடு கூச்சலிட்டு வருகிறவனால் கெடாது.