இடுப்பு வளையத்தின் வீழ்ச்சி: வடசென்னைப் பொம்மைச் சேகரிப்பாளர்தம் இரங்கல் பற்றிய ஓர் ஆய்வு

மனிதர்க்கு நேரும் ஏமாற்றங்களுள் தேர்தல் ஏமாற்றம், காதல் ஏமாற்றம், சீட்டுக் கம்பெனி ஏமாற்றம் ஆகிய மூன்றும் போதிய அளவு ஆராயப்பட்டுவிட்டன. மூன்றே முக்கால் அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் போர்வீரன் ஒருவனை அவனைச் செய்த நிறுவனமே கைவிட்டுவிட்டதால் நரை தட்டிய ஆடவர் சிலருக்கு உண்டாகி, வீட்டாரிடம் சொல்லவும் முடியாமல் உள்ளேயே தங்கிவிடும் ஏமாற்றமோ ஆய்வுலகின் கடைக்கண் பார்வையைக்கூட இன்னும் பெறவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டு எழுதப்படும் இக்கட்டுரை, இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் முடியும் நிலப்பரப்பைத் தன் ஆய்வுக்களமாகக் கொள்கிறது.

இக்களத் தேர்வு தற்செயலானதன்று. கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலைத் தமிழ் இலக்கண மரபு உரிப்பொருளாக, அதாவது அந்நிலத்துக்கே உரிய உணர்ச்சியாக, விதித்திருக்கிறது. ஆகவே காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கரையில் குடியிருப்பவர் எதையேனும் இழந்து இரங்குவது இலக்கணத்துக்கு உட்பட்ட செயலே. கொடைக்கானலில் வசிக்கும் சேகரிப்பாளர் ஒருவர் இதே பொம்மைக்காக இரங்குவாராயின் அது திணைமயக்கம் என்றே கொள்ளப்பட வேண்டும். உப்பும் மீனும் நெய்தலின் பழைய கருப்பொருள்கள் என்பதும், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரியும் அனல்மின் நிலையச் சாம்பலும் பிற்காலச் சேர்க்கைகள் என்பதும் வெளிப்படை. இவ்வரிசையில் பொம்மையையும் சேர்க்க வேண்டும் என்பதற்கான சான்று திருவொற்றியூரிலேயே கிடைக்கிறது.

1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். வானிலை ஆராயும் பலூன் அன்று, குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன். அத்தொழில் 1952-இல் தேய்ந்த டயருக்கு மேலுறை இடப் பயன்படும் டிரெட் ரப்பருக்கு மாறி, 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் ஒத்துழைப்போடு டயர்த் தொழிற்சாலையாக வளர்ந்து, மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் முதலெழுத்துகளால் எம்.ஆர்.எஃப். என்று உலகுக்கு அறிமுகமாயிற்று. பலூனிலிருந்து டயருக்குச் சென்றதை வளர்ச்சி என்று வணிக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பொம்மையியல் நோக்கில் அது 35 ஆண்டுகள் நீடித்த ஒரு வழிதவறலே ஆகும். 1987-இல் இதே குழுமம் ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கி, கோவாவில் ஆலை அமைத்து, தன் பூர்வாசிரமத்துக்குத் திரும்பியது.

இங்கே ஒரு காலப்பொருத்தத்தைச் சுட்டாமல் செல்வது ஆய்வு நெறிக்குப் பிழையாகும். ஹாஸ்ப்ரோ தன் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரனை அமெரிக்கக் கடைகளில் நிறுத்திய ஆண்டு 1964. தலைக்கு மேல் டயரைத் தூக்கிப் பிடித்து நிற்கும் எம்.ஆர்.எஃப். மசில்மேன் பிறந்த ஆண்டும் 1964. ஒருவன் 12 அங்குல உயரத்தில் சிறுவர் கைக்குள் அடங்கினான். மற்றவன் விளம்பரப் பலகைகளில் பல அடி உயரம் வளர்ந்தான். இருவரும் பிற்காலத்தில் ஒரே கூரையின் கீழ் வருவர் என்பதை எந்தச் சோதிடரும் முன்கூட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி ஆய்வுப் பொருளின் உடற்கூற்றுக்கு வருவோம். ஆக்‌ஷன் ஃபிகர் என்பது கைகால்கள் மடங்கித் திரும்பக்கூடிய, பெரும்பாலும் படத்திலோ கதையிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உருவமாகச் செய்யப்பட்ட பொம்மை. ஆண்பிள்ளைகள் பொம்மை என்ற பெயரைக் கேட்டாலே விலகிப்போவர் என்று அஞ்சி ஹாஸ்ப்ரோ நிறுவனத்தார் சூட்டிய மாற்றுப் பெயர் அது. நவராத்திரிக்குக் கொலுப்படி அடுக்கும் குடும்பங்களில் வளர்ந்த தமிழ்ச் சிறுவனுக்கு அந்த அச்சத்தை விளங்கவைப்பது கடினம். 1982-இல் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருங்கி மறுபிறவி எடுத்தபோது, அவனுடைய முதுகில் ஒரு திருகாணியும் வயிற்றுக்குள் ஒரு ரப்பர் வளையமும் வைக்கப்பட்டன. அந்த வளையமே ஓ-ரிங். திருகாணியைக் கழற்றி மார்பையும் முதுகையும் பிரித்துப் பார்ப்பவர்க்கு, இரு கால்களையும் இணைக்கும் உலோகக் கொக்கியில் மாட்டப்பட்ட வளையம், இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாக மேலேறி, நெஞ்சுக்குள் இருக்கும் சிறு தூணில் இழுத்து மாட்டப்பட்டிருப்பது தெரியும். வீரன் உட்காருவதும் குனிவதும் இடுப்பைச் சுழற்றித் திரும்பிச் சுடுவதும் அவ்வளையம் தரும் இழுவிசையால்தான். வளையம் அறுந்தால் மேலுடல் துப்பாக்கியோடு கையில் இருக்க, கால்களும் இடுப்பும் தரையில் விழுந்துவிடும். விழுப்புண்ணுக்கும் வீரமரணத்துக்கும் இடைப்பட்ட இந்நிலைக்குப் புறப்பொருள் இலக்கணத்தில் துறைப்பெயர் இல்லை.

ஓ-ரிங் என்பது எண்ணூர் வட்டாரத்துக்குப் புதிய பொருளன்று. பம்பிலும் வால்விலும் ஹைட்ராலிக் ஜாக்கியிலும் எண்ணெயோ தண்ணீரோ கசியாமல் அடைப்பதற்கு ஃபிட்டர்கள் நாள்தோறும் மாட்டிக் கழற்றும் அதே வளையம்தான் இது. 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய எண்ணூர் அசோக் லேலண்டிலும் மணலி சுத்திகரிப்பாலையிலும் பணிக்குப் போய்வந்த தந்தையரின் மக்கள், தம் பொம்மையின் வயிற்றைத் திறந்தபோது அப்பாவின் தொழிலைக் கண்டனர் என்று சொல்வதில் மிகை இல்லை. ரப்பருக்கு வெப்பமும் ஓசோனும் எண்ணெயும் பகை என்பதும், இழுபட்ட நிலையிலேயே இருக்கும் ரப்பரில் வெடிப்பு விரைந்து தோன்றும் என்பதும் ரப்பர் இயலின் பால பாடங்கள். கோடைதோறும் தகரக் கூரைக்குக் கீழே பரணில் கிடந்த வீரர்கள் இடுப்பு நெகிழ்ந்து தள்ளாடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ரப்பரால் வாழ்ந்த ஊரில், ரப்பர்க் குழுமத்தின் பொம்மை, ரப்பராலேயே வீழ்ந்தது.

ஏமாற்றத்தின் வரலாற்றுக் கூறு இதனினும் நுட்பமானது. லைசென்ஸ் முறை, அதாவது ஒருவருக்கு உரிமையான பாத்திரத்தை மற்றொருவர் உரிமத்தொகை செலுத்திச் செய்து விற்கும் ஏற்பாடு, ஜி.ஐ. ஜோவைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. பிரேசிலில் எஸ்த்ரேலா, அர்ஜென்டினாவில் பிளாஸ்திராமா, இந்தியாவில் ஃபன்ஸ்கூல் என்று எஃகு மோல்டுகள் கடல் கடந்து பயணம் செய்தன. உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி உருவம் வார்க்கும் இம்மோல்டுகள் விலை மிகுந்தவை என்பதால், ஒரு நாட்டில் வேலை முடிந்தவை இன்னொரு நாட்டில் மறுவாழ்வு பெற்றன. 1994-இல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் இம்மூன்றே முக்கால் அங்குல வரிசையை நிறுத்திவிட்டது. கோவாவில் இயந்திரம் நிற்கவில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர் தம் இழப்புக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், தண்டையார்பேட்டைச் சிறுவன் அதே வார்ப்பில் பிறந்த புத்தம்புதிய வீரனைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்று, அன்று மாலையே அவனுடைய கட்டைவிரலை உடைத்துக்கொண்டிருந்தான்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. ரெட்ரோ என்று இன்று வழங்கும் பழம்பாணி, வேண்டுமென்றே பழையதுபோல் செய்வதைக் குறிக்கும். ஃபன்ஸ்கூல் அப்படி எதையும் எண்ணியதாகச் சான்றில்லை. தன்னிடம் இருந்த மோல்டைக் கொண்டு தன் வேலையைச் செய்தது. தான் பழையது என்று அறியாத பொருளே உண்மையான பழம்பொருள் என்பதும், அறிந்து செய்வது வேடம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வாங்கிய சிறுவனும் அறியவில்லை, செய்த தொழிலாளியும் அறியவில்லை. அறிந்தவர் கடல் கடந்த சேகரிப்பாளர் மட்டுமே. ஃபன்ஸ்கூல் வீரர்களின் நிறங்கள் அமெரிக்க மூலத்தோடு ஒத்துப்போகாமல் அவ்வப்போது சாயல் மாறி வந்ததை அவர்கள் குறையாகக் கருதாமல், இலக்கியச் சுவடியின் பாடபேதம்போல் ஒப்புநோக்கிப் பட்டியலிட்டனர். முதற்பாடம் எது, இடைச்செருகல் எது என்று பச்சைச் சட்டையையும் நீலச் சட்டையையும் வைத்து அவர்கள் நடத்திய வாதங்களைக் கண்டால் உ. வே. சாமிநாதையரும் ஒருகணம் நின்று கேட்டிருப்பார். 1982-இன் ஸ்நேக் ஐஸ் என்னும் வீரன் முழுக் கறுப்பாக வந்தது வண்ணப்பூச்சுச் செலவை மிச்சப்படுத்தத்தான் என்பதும், அந்தச் சிக்கனமே அவனை வரிசையின் மிகப் புகழ்பெற்ற மர்ம வீரனாக்கியது என்பதும் இங்கு ஒப்பிடத் தக்கன.

வடசென்னையில் இவ்வீரர்கள் போர்க்களத்தைவிடக் கொலுவில்தான் அதிகம் நின்றனர். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கிப் பிள்ளைகள் அமைக்கும் பார்க்கில், செட்டியார் பொம்மையின் பலசரக்குக் கடைக்குக் காவலாக ஜி.ஐ. ஜோ நின்றது அன்றைய வீடுகளின் வழக்கமான காட்சி. ஆண்டுதோறும் கொலுவுக்குப் புதிய பொம்மை ஒன்று சேர்க்க வேண்டும் என்ற ஐதிகம், சேகரிப்பு என்பது நோயல்ல, ஆசாரம் என்பதைக் காட்டுகிறது. ஆயினும் இவ்வட்டாரம் சேகரிப்புக்கு முற்றிலும் உகந்ததன்று. செல்வத்தை உதறிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. அவருடைய கொள்கையை வீடு வீடாகச் செயல்படுத்தி வந்தவர், பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர். ஒரு படைப்பிரிவு முழுவதும் கைப்பிடி பேரீச்சம்பழத்துக்குச் சரணடைந்த வரலாறுகள் பல குடும்பங்களில் உண்டு. அங்கிருந்து காயலான் கடைக்குச் சென்றவற்றுள் எத்தனை திரும்பி வந்தன என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

2000-களின் முற்பகுதியில் ஃபன்ஸ்கூலும் ஜி.ஐ. ஜோ வரிசையைக் கைவிட்டது. அப்போது ஊரில் யாரும் அழவில்லை. சிறுவர்கள் கிரிக்கெட்டுக்கும் கணினி விளையாட்டுக்கும் போயிருந்தனர். அழுகை பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, சம்பளமும் வழுக்கையும் ஏற்பட்ட பின்னரே வந்தது. 2020-இல் ஹாஸ்ப்ரோ பழைய அட்டைப் படத்தோடு ரெட்ரோ வரிசை ஒன்றைக் கொண்டுவந்து சில காலத்திலேயே ஓரங்கட்டி, ஆறு அங்குல வரிசையில் கருத்தைச் செலுத்தியபோது இரங்கல் இருமடங்காயிற்று. அந்த ரெட்ரோவின் அட்டைதான் பழையது, இடுப்பில் வளையம் இல்லை என்பதை முதலில் கண்டித்தவர்களே, அது நின்றதும் உரக்கப் புலம்பினர் என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இறக்குமதி செய்து ஆற்றிக்கொள்ளலாம் என்றால், அதே 2020-இல் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆயிற்று. உலகத்துச் சரக்கெல்லாம் ஏற்றிய லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க, அவற்றின் ஓரமாக டூவீலரில் ஊர்ந்து செல்லும் சேகரிப்பாளர்க்கு ஒரு பொம்மை கிட்டவில்லை.

கைவிடாமையும் சாத்தியமே என்பதற்கு அதே திருவொற்றியூர் ஓர் எதிர்ச்சான்று வைத்திருக்கிறது. 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, மூல நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் புல்லட்டைப் பழைய உருவிலேயே செய்துகொண்டிருந்து, 1977-இல் அதை அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. மாறாமல் இருந்தே புதுமையான வண்டி அது. அங்கும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் 2010-ஐ ஒட்டி வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றபோது இரங்கியவர் உண்டு. ஆனால் அவர்களுடைய இரங்கல் தெரு முழுக்கக் கேட்கும் ஓசையுடையதாதலால் ஆய்வாளர்களின் கவனத்தை எளிதில் பெற்றுவிட்டது.

சேகரிப்பாளர்க்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்ற வினாவுக்கும் திருவொற்றியூர்த் தலவரலாறே விடை தருகிறது. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், வாக்கு மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை இழந்தார் என்பது புராணம். அவ்வழக்கில் சத்தியம் இருந்தது, சாட்சியாக மரமும் இருந்தது. பொம்மை நிறுவனமோ எந்த மரத்தடியிலும் எவருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கை அச்சிடுவது பொம்மைத் தொழிலின் வழக்கமாயினும், நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பற்றி எச்சரிக்க எந்த விதியும் வற்புறுத்தவில்லை. எனவே வழக்கு நில்லாது.

எஞ்சியிருப்பது ஒரு தத்துவச் சிக்கல். அறுந்த வளையத்துக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஓ-ரிங்கை மாட்டி எழுந்து நிற்கவைத்த வீரன், பழைய வீரன்தானா? ஆம் என்பார் ஒரு சாரார். தேய்ந்த டயருக்கு டிரெட் ரப்பர் ஒட்டினால் லாரி வேறு லாரி ஆகிவிடுவதில்லை என்பது அவர்கள் எடுத்துக்காட்டு, அது இவ்வூர்க் குழுமத்தின் தொழில் வரலாற்றோடும் பொருந்துகிறது. வளையம் போனபோதே உயிர் போயிற்று, இப்போது நிற்பது பம்பின் ஆவி புகுந்த உடல் என்பார் மறுசாரார். இவர்கள் அட்டை பிரிக்காத பொம்மைகளை மட்டும் மதிப்பவர்கள், உள்ளே வளையம் அறுந்திருக்கிறதா என்று அட்டையைப் பிரிக்காமல் அவர்களால் சரிபார்க்கவும் இயலாது. முதற்சாரார் கடைக்குச் சென்று பொம்மையின் மேலுடலைக் காட்டி அளவு சொல்லும்போது, “எந்தப் பம்புக்குண்ணா?” என்று கேட்கப்படுவது வழக்கமாதலால், அரை எச்.பி. ஜெட் பம்புக்கு என்று பொய் சொல்லி, ஒன்று தேவைப்படும் இடத்தில் ஒரு பாக்கெட் வளையம் வாங்கி வீடு திரும்புகின்றனர்.