குளியலறைச் சொட்டு: தோற்றம், வகை, நிறுத்த முனைவோர் நிலை

ஷவரை மூடிய பின் விழுவதெல்லாம் சொட்டு ஆகாது. ஷவர் தலைக்குள்ளும் அதன் வளைந்த கைக்குள்ளும் தங்கிவிட்ட தண்ணீர் சிறிது நேரம் வடிந்துகொண்டுதான் இருக்கும். துளைகளின் வாயில் நீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எங்கோ ஒரு துளையில் காற்று புகுந்ததும் பிடி விட்டுப்போகிறது. இது எச்சம். இதற்கே ஸ்பேனரைத் தூக்குபவர் ஆய்வுக்குத் தகுதியற்றவர். குளித்தவர் தலை துவட்டி, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் விழுவதே சொட்டு என்க.

அது மூவகைப்படும்: தலைவழிச் சொட்டு, மூக்குவழிச் சொட்டு, கழுத்துவழிச் சொட்டு. சுவரில் பதித்த மிக்ஸரை இறுக மூடியும் மேலே ஷவரில் விழுவது முதல் வகை. கீழே, பக்கெட்டுக்குத் தண்ணீர் பிடிக்கும் வாயில் விழுவது இரண்டாவது. கைப்பிடியின் அடியில் கசிந்து டைல்ஸ் வழியாக இறங்குவது மூன்றாவது. உண்மையில் முதல் இரண்டும் ஒரே நோய்தான். நடுவில் இருக்கும் குமிழ் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தப் பக்கம் விழும். இதை அறியாமல், குமிழைத் திருப்பிவிட்டு "ஷவரைச் சரி பண்ணிட்டேன்" என்று வீட்டில் அறிவித்த முன்னோடிகள் உண்டு. மூன்றாவது வகை வேறு குலம். அதன் காரணம் வாசர் அல்ல, ஸ்பிண்டிலைச் சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டு. ஒன்றை நிறுத்தின் மற்றொன்று தோன்றும், என்மனார் பிளம்பர்.

மேலை நாட்டார் இத்துறையில் நமக்கு முன்பே இறங்கியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் ராபர்ட் ஷா என்ற இயற்பியலாளர், சொட்டும் குழாயை வைத்தே 1984-இல் ஒரு நூல் எழுதினார். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையிலான நேரத்தை அளந்துகொண்டே போனார். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் ஒரே சீராக விழுகிறது. இன்னும் சற்றுத் திறந்தால் இரண்டிரண்டாக, நெட்டையும் குட்டையுமாக இடைவெளி விட்டு விழுகிறது. அதற்கும் மேலே போனால் அடுத்த சொட்டு எப்போது என்று யாராலும் சொல்ல முடியாத ஒழுங்கின்மை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவர் எவரும் இதைக் கருவி இல்லாமலே உறுதிசெய்வார். சீரான சொட்டில் தூங்கிவிடலாம். அடுத்தது எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டு படுக்க வைக்கும் சொட்டுதான் ஆளைக் கொல்லும்.

2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் குழு ஓசைக்கே வந்துவிட்டது. சொட்டு தண்ணீரில் விழும்போது பரப்புக்கு அடியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது. அது அதிர்வதால்தான் அந்த 'டொளக்'. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்துவிட்டால் பரப்பு இழுவிசை மாறி, ஓசை அடங்கிவிடும் என்றும் கண்டார்கள். கேம்பிரிட்ஜ் வரை போயும், குழாயை விட்டுவிட்டுப் பக்கெட்டுக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

வீணாகும் அளவு பற்றி ஒரு வார்த்தை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றும் கணக்கில் 20 சொட்டு ஒரு மில்லி. அப்படியானால் 4 லிட்டர் 320 மில்லி. குழாய்ச் சொட்டு அதைவிடப் பருமன், எனவே கூடுதலாகவே போகும். ஆனாலும் அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு அந்தத் தண்ணீரில் வாசல் தெளிக்கும் பக்கெட் மரபினரை இன்றுவரை யாராலும் வாதத்தில் வெல்ல முடியவில்லை.

இனி காரணம். 1845-இல் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் ஒரு பித்தளைப் பட்டறை, திருகி மூடும் குழாயை வார்த்து விற்கத் தொடங்கியது. கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கும். தண்டின் நுனியில் இருக்கும் வாசர், தண்ணீர் வரும் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்து அடைக்கும். இன்றும் பழைய குழாய்களில் நடப்பது இதுதான். புதியவற்றில் வாசருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, கால் சுற்றில் மூடிவிடும். இரண்டுக்கும் ஒரே எதிரி உப்பு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சென்னைப் புறநகரில் பல போர்வெல்கள் இந்த ஏட்டைப் புரட்டியதே இல்லை. ஷவர் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பதே உள்ளே வாசருக்கும் விளிம்புக்கும் நடுவிலும் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வெட்டுப்படுகிறது. விளிம்பு குழிவிழுகிறது. தண்ணீர் வழி கண்டுகொள்கிறது.

ஆக, மாற்ற வேண்டியது சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வில்லை. மாற்ற ஆகும் நேரம் ஒரு காபி ஆறும் நேரம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் எங்கே போகிறது? சொட்டு இருக்குமிடம் வேறு, தொல்லை இருக்குமிடம் வேறு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். மொட்டை மாடியிலிருந்து சான்று காட்டுவோம்.

குழாயைக் கழற்றுமுன் தண்ணீரை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் கைவைப்போருக்காக 17-ஆம் நூற்றாண்டிலேயே டோரிசெல்லி என்ற இத்தாலியர் ஒரு சூத்திரம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், உராய்வைக் கழிக்காத கணக்கில், தண்ணீர் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் வெளிவரும். மணிக்கு 50 கிலோமீட்டர். முகம் நேரெதிரே இருக்கும். ஆகவே கேட் வால்வு. அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டியடியிலிருந்து குழாய்கள் கொத்தாக இறங்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு; எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று பெயிண்டில் எழுதியிருந்தது வெயிலில் போயிருக்கும். விவரம் அறிந்த வாட்ச்மேன் ஊருக்குப் போயிருப்பார். எஞ்சியிருப்பது ஒரே முறையியல்: ஒன்றை மூடிவிட்டு, எந்த மாடியிலிருந்து குரல் வருகிறது என்று காத்திருப்பது.

"யாருங்க தண்ணிய நிறுத்துனது? தலையெல்லாம் ஷாம்பூ!"

இது அறிவியலில் முயன்று தவறிக் கற்றல் எனப்படும். முதல் மாடியில் வேறு பெயரால் வழங்கும்.

சரியான வால்வைக் கண்டுபிடித்தாலும் அது மூடாது. போட்ட நாளிலிருந்து யாரும் தொடாத சக்கரம்; முக்கிமுனகித் திருகினால் சுற்றும்; உள்ளே கதவு மட்டும் உப்புப் படிவில் நின்றுகொண்டு முழுதாக இறங்காது. கீழே வந்து பார்த்தால் நூல்போலத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். சொட்டும் குழாயைப் பழுதுபார்க்கச் சொட்டும் வால்வைப் பழுதுபார்க்க வேண்டும். அதற்குத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். தருக்க நூலார் இதை அனவஸ்தை என்பர்.

வால்வைத் தொடுமுன் எந்தக் கைப்பிடி குற்றவாளி என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என மிக்ஸரில் இரண்டு இருக்கின்றன. கீசருக்குள் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம், நிற்காவிட்டால் மற்றது. இந்தத் துறையில் ஒழுங்காக நடக்கும் ஒரே பரிசோதனை இதுதான், அனுபவித்துக்கொள்ளலாம்.

அடுத்து அகழாய்வு. கைப்பிடியின் நெற்றியில் சிவப்பு அல்லது நீலப் பொட்டு இருக்கும். நகவெட்டியின் கத்தியால் அதை நெம்பினால், தெறித்து நேராகத் தரைச் சல்லடைக்குள் போகும். இதற்கு விதிவிலக்கு பதிவாகவில்லை. அடியில் ஒரு ஸ்க்ரூ, உப்பு அடைத்து, தலையில் பள்ளமே இல்லாமல். தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, இருந்த கொஞ்சநஞ்சப் பள்ளமும் மழுங்கும்.

கைப்பிடிக்குப் பின்னால் கீழடி போல அடுக்கடுக்காக வரலாறு கிடக்கிறது. மேல் அடுக்கில் வெள்ளை டெஃப்லான் டேப். 1938-இல் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த, எதுவும் ஒட்டாத பொருள். அதைத்தான் நாம் கசிவை அடைக்கச் சுற்றுகிறோம். மரை முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றியிருந்தால், திருகும்போதே உரிந்து பூணூல் போலத் தொங்கும், இங்கே தொங்குகிறது. அதற்குக் கீழ் எம்சீல் காலம். அதற்கும் கீழே சணலும் வெள்ளைப் பெயிண்டும் இறுகிக் கல்லாகிப்போன தொல்படிவம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கைவேலை; எவருடையது என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

ஸ்பிண்டில் பீஸ் வெளியே வந்தாயிற்று. இப்போது கடை. "பழைய பீஸ் கொண்டாந்தாத்தான் சார் சொல்ல முடியும்" என்பார் ஹார்டுவேர் கடைக்காரர். அது நியாயம்தான். ஆனால் பழைய பீஸ் கையில் இருக்கும்வரை வீட்டில் சுவரில் ஓட்டை. ஓட்டை இருக்கும்வரை வால்வு மூடல். வால்வு மூடியிருக்கும்வரை சமையலறையிலும் தண்ணீர் இல்லை. ஞாயிறு மதியம் கடை சாத்திவிடுவார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். அளவு சொல்லியும் பயனில்லை. எல்லாரும் 'அரை இஞ்ச்' என்கிறார்கள். ஸ்கேலை வைத்துப் பாருங்கள், மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7. ஒரு காலத்து இரும்புக் குழாயின் உள்வாயைக் குறித்த பெயர் அது. குழாய் மாறிவிட்டது, பெயர் நிற்கிறது. இஞ்சுக்கு 14 மரை என்ற பிரிட்டிஷ் கணக்கு மட்டும் ஒழுங்காக இருக்கிறது. ஸ்பிண்டில் நுனியின் பற்களோ 18, 20, 24 எனக் கம்பெனிக்கு ஒன்று. கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, பார்க்காமலே ஒன்றை எடுத்துத் தருவார். அது சேரும். எப்படி என்று ஆராயக் கூடாது.

வாசரை மாற்றியதும் சொட்டு நிற்கும். சில நாள் நிற்கும். குழிவிழுந்த விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்யாமல் புது வாசர் போட்டால், புது ரப்பரும் அதே இடத்தில் வெட்டுப்படும். அல்லது, இன்னும் இறுக்கினால் நல்லது என்று கிளாண்டு நட்டைத் தொட்டிருந்தால், தலைவழி போய்க் கழுத்துவழி வந்திருக்கும். வாய்மொழித் தேர்வு இப்போது நடைபெறும். புறத்தேர்வாளர்கள் தோளில் துண்டோடு குளியலறை வாசலில் நிற்பார்கள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப இது என்ன?"

நெறியாளரை அழைப்பதைத் தவிர வழியில்லை. எல்லா நெறியாளர்களையும் போல அவரும் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் "பத்து நிமிஷத்துல வர்றேன் சார், பக்கத்துலதான் இருக்கேன்" என்பார். செவ்வாய்க்கிழமை வருவார். குழாயை ஒரு விரலால் தட்டிப்பார்த்து, டேப்பின் தொங்கும் நுனியை இழுத்துப் பார்த்து, "யாரு சார் இதுல கை வெச்சது?" என்று கேட்பார்.

"முன்னாடி ஒரு பிளம்பர் வந்தாருப்பா" என்பதே மரபு வழுவாத விடை.

"அவனுங்களுக்கு என்ன சார் தெரியும்" என்று அவரும் மரபு வழுவாமல் சொல்வார். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல. மொத்தமா மாத்திடலாம்." மொத்தம் என்றால் எவ்வளவு என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.