சர்வதேச ஆய்விதழ், ஜெராக்ஸ் கடை மாடி

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்தைத் தாண்டி இருவர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். இன்னொருவர் அவருடைய பழைய மாணவர். இப்போது ‘சர்வதேச’ ஆய்விதழ் ஒன்றின் தலைமை ஆசிரியர். அலுவலகம் ஜெராக்ஸ் கடை மாடியில்.

தலைமை ஆசிரியரின் செல்போன் ஒலித்தது.

“கட்டுரை வந்திருக்கு சார். ஈசானிய லிங்கம் போறதுக்குள்ள ஏற்புக் கடிதம் அனுப்பிடுவேன்.”

“படிக்க அவ்வளவு நேரமாப்பா?”

“படிக்கவா? பணம் வந்து சேர வேணாமா சார்!”

“மதிப்பீடு பண்றது யாரு?”

“ரெண்டு பேர் சார். நான் ஒருத்தன், என் மச்சான் ஒருத்தர். ஆனா ஆசிரியர் குழுவுல பன்னிரண்டு நாட்டுப் பேராசிரியருங்க இருக்காங்க.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“போட்டோ நெட்லயே கிடைச்சுது சார்.”

பேராசிரியர் நின்றார். “ஹைதராபாத்ல ஆய்விதழ் போடுற ஓமிக்ஸ் கம்பெனி கதை கேள்விப்பட்டிருக்கியா? சம்மதிக்காதவங்க பேரை ஆசிரியர் குழுவுல போட்டதும், ஒழுங்கா மதிப்பீடு பண்ணாமலே பண்ணினதாச் சொன்னதும் அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போச்சு. 2019ல அஞ்சு கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லித் தீர்ப்பு.”

“அது அமெரிக்கா சார். இங்க யுஜிசி 2018ல தன் பட்டியல்லேர்ந்து 4,305 இதழைத் தூக்குச்சு. அடுத்த வருஷம் ‘கேர்’னு புதுப் பட்டியல் போட்டாங்க. 2025ல அதையும் கைவிட்டாங்க. பட்டியலே இல்லேன்னா என்னை எதுலேர்ந்து சார் நீக்குவாங்க?”

இதற்குப் பேராசிரியரிடம் பதில் இல்லை. யுஜிசியிடமும் சுலபமான பதில் இருப்பதாகத் தெரியவில்லை. இதழ்களை அந்தந்தக் கல்வி நிறுவனமே எடைபோட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பதவி உயர்வுக்குக் கட்டுரையை எண்ணிப் பார்க்கிறவர்கள் இருக்கும்வரை மாடியில் வாடகை நிற்காது.

பேராசிரியர் பழைய கதைக்குப் போனார். “பக்கத்துத் திருக்கோவிலூர்ல டெபுடி கலெக்டரா இருந்தார் ராமசாமி ஐயர். 1907ல இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர். ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோட வேலை கேட்டுப் போனது அவர்கிட்டதான். அந்தக் கழக இதழோட ஆசிரியர் நாராயண ஐயங்கார் என்ன செஞ்சார் தெரியுமா? ராமானுஜன் கட்டுரை விளங்கலேன்னு திரும்பத் திரும்ப அனுப்பித் திருத்தி வாங்கினார். 1911ல அச்சாச்சு. பெர்னூலி எண்களைப் பத்தினது.”

“ராமானுஜனையே அலைய விட்டாரா? எங்ககிட்ட வந்திருந்தா அன்னிக்கே போட்டிருப்போமே சார்! பெர்னூலியும் கூட எழுதினவரா? அப்போ அவருக்குத் தனிக் கட்டணம்.”

பேராசிரியர் நடையை வேகப்படுத்தினார்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று: பணம் கட்டுமுன் ஆசிரியர் குழுவில் இருக்கும் இருவருக்காவது மின்னஞ்சல் அனுப்பி, அந்த இதழில் தாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.