காட்டுமாடும் ஏழாம் பத்தியும்: நீலகிரியில் பத்திரம் திருத்தும் மரபு குறித்து ஓர் ஆய்வு

எழுதியவர் எழுதியபடியே கையெழுத்துக்குப் போன பத்திரம் உலகில் ஒன்றுகூடக் கிடையாது. இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இருக்கிறார் என்பதே போதும். அந்த மாமாவின் நாற்காலியில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்று வந்து உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதை மட்டுமே இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்களம் குன்னூர். மூலப்பொருள், பெட்ஃபோர்டுக்கு மேலே உள்ள ஓட்டு வீடு ஒன்றின் வாடகை ஒப்பந்தம்: 3 பக்கம், 12 பத்தி, 11 மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொன்ன நாளிலிருந்து நம் நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு 11 மாதம்தான். 2017-இல் வந்த புதிய வாடகைச் சட்டம் வேறு கணக்குச் சொல்லிப் பார்த்தது. பழக்கம் அசையவில்லை.

முன்னாய்வுகளைத் தொகுத்துச் சொல்வது மரபு. இந்த மலைக்கு ஆவணத் தகராறு புதிதல்ல. ஜபல்பூரில் 1875 வாக்கில் பிறந்த ஸ்னூக்கருக்கு ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள் என்று சொல்வார்கள்; ஆட்டக்காரர்கள் அதை அடித்துத் திருத்தினார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. அதைவிடக் கனமான சான்று கூடலூர். நிலம்பூர் கோவிலகத்தார் தோட்டக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த ஜன்ம நிலங்களின் மேல் அவர்களுக்கிருந்த உரிமையை எடுத்துக்கொள்ள, 1969-இல் தமிழக அரசு ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அதில் காடு தொடர்பான பகுதியை அடித்தது. நாடாளுமன்றம் சட்டத்தை அப்படியே தூக்கி, நீதிமன்றத்தின் கை எட்டாது என்று நம்பி, அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது. அங்கே வைத்தால் மட்டும் தப்ப முடியுமா என்று ஐ.ஆர். கொயலோ வழக்கு கேட்டது. 9 நீதிபதிகள் உட்கார்ந்து, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் தாங்கள் பார்க்கலாம் என்று 2007 ஜனவரியில் தீர்ப்பளித்தார்கள். இதற்கு நடுவே, அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காட்டு மரங்களுக்காக 1995-இல் போட்ட வழக்கு, இந்தியாவில் எது காடு என்பதையே மாற்றி எழுதவைத்தது. ஒரு தாலுகாவின் குத்தகைக் காகிதம் சாசனத்தின் ஓரத்தில் இவ்வளவு கிறுக்கவைத்திருக்கும்போது, நம் 12 பத்தி வெறும் சாது.

மலையில் வழங்கும் மனிதத் திருத்துநர்கள் மூவகையினர். மாமா வகை தன் பெயர், இனிஷியல், தொகை ஆகிய மூன்றை மட்டும் படிக்கும். ஓய்வுபெற்று வெலிங்டன் பக்கம் குடியேறிய ராணுவ அதிகாரி வகை காற்புள்ளிகளை அணிவகுக்க வைக்கும். ஓய்வுபெற்ற தாசில்தார் வகை, 'மேற்படி' இல்லாத வாக்கியத்தைக் கண்டால் தூங்காது. மூன்றுக்கும் டீ, வர்க்கி தவிர வேறு செலவில்லை.

நாலாவது வகை, கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பியின் மடிக்கணினிக்குள் இருந்தது. வாடகைக்கு வரப்போகிறவர் அவர்தான். பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து கொடுத்த ஒப்பந்தத்தை உதவியாளரிடம் ஏற்றி, "இதைப் பார்த்துத் திருத்திக் கொடு" என்று ஒரே வரி போட்டார். மழைக்கு நெட் போய்ப் போய் வந்தது. வந்தபோது 3 பக்கம் 9 பக்கமாகியிருந்தது. அடித்தது சிவப்பு, சேர்த்தது சிவப்பு, ஓரத்தில் குறிப்புகள்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். வாடகை எண்ணில் ரூ.18,500 என்றும், எழுத்தில் பதினைந்தாயிரத்து எண்ணூறு என்றும் இருந்தது. எழுத்தர், வீட்டுக்காரம்மா, தம்பி மூவரும் படித்துத் தலையாட்டிய இடம் அது. காசோலை போன்ற பத்திரங்களில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்பது 1881-இலிருந்து சட்டம். வாடகைச் சண்டையிலும் அதைத்தான் முதலில் இழுப்பார்கள். இயந்திரம் முதல் மூச்சிலேயே அதைப் பிடித்தது, அதுவும் தன் எசமானுக்கு மாதம் 2,700 ரூபாய் நஷ்டம் வைத்து. எந்த மாமாவும் செய்யாத காரியம். "நல்ல பிள்ளையா இருக்கே, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று வீட்டுக்காரம்மா விசாரித்தார்.

சிக்கல் ஏழாம் பத்தியில். மூலபாடம் வருமாறு: "காட்டுமாடு வேலியை உடைத்தால் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் ஆள் விட்டுச் சரிசெய்வார். மாடு நிற்கையில் வெளியே வரக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது." பாடபேதம் வருமாறு: காட்டுமாடு 'வனவிலங்கு' ஆகி, அடைப்புக்குறிக்குள் 'இனி விலங்கு எனப்படும்' ஆகி, சேதம் நேர்ந்த 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாகி, அறிவிப்பு பதிவுத் தபாலில் போக வேண்டியதாயிற்று. வீட்டுக்காரம்மா குடியிருப்பது அதே வீட்டின் பின்கட்டில். கடைசி இரண்டு வாக்கியங்கள் மேல் சிவப்புக் கோடு. ஓரக்குறிப்பு: இவை ஒப்பந்தக் கடமைகள் அல்ல, பொதுவான நடத்தை அறிவுரைகள், நீக்கலாம்.

இங்கே கொஞ்சம் விலங்கியல் தேவைப்படுகிறது. வளர்ந்த காட்டுமாட்டுக் கடா ஒரு டன் எடையைத் தொடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. ஆகவே அதற்கு நம்மைவிடச் சட்டப் பாதுகாப்பு அதிகம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிலை மாதிரி நிற்கும், சில மாலைகளில் வீட்டு வாசலிலும் நிற்கும். அதன் போக்கில் விட்டால் தன்பாட்டுக்குப் போய்விடும். பனி மூட்டத்தில் திடீரென்று ஆள் எதிர்ப்பட்டாலோ, கண்ணில் வெளிச்சம் விழுந்தாலோ கதை வேறு. ஒப்பந்தம் முழுவதிலும் உயிர்காக்கும் வரிகள் அந்த இரண்டுதான். மீதி 11 பத்திகளும் எந்த ஊர் ஒப்பந்தத்திலும் இருப்பவை. இயந்திரம் படித்திருக்கிற ஆயிரமாயிரம் ஒப்பந்தங்களில் அந்த 11 பத்திகளும் இருந்தன, ஆகவே அவற்றை மெருகேற்றியது. இந்த இரண்டு வரிகள் அவற்றில் இல்லை, ஆகவே அடித்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. அது வாசலில் நின்றதில்லை.

"மத்ததெல்லாம் நீ சொல்ற மாதிரியே இருக்கட்டும் தம்பி. அந்த ரெண்டு வரி மட்டும் போகக் கூடாது" என்றார் வீட்டுக்காரம்மா.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா?"

"முன்னாடி இருந்த சாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நாய் குலைக்குதேன்னு டார்ச் அடிச்சாரு. அப்புறம் காருக்குக் கதவு இல்ல."

தம்பி திருத்திய பிரதியையே மறுபடி ஏற்றி, மறுபடியும் பார்க்கச் சொன்னார். இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இவ்விடத்தில் நிகழ்ந்தது. பார்த்துச் சொல் என்று கேட்டால் அது பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது அபூர்வம். தானே எழுதிய 7 நாள் அறிவிப்பை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அடித்தது. வனவிலங்கு நடமாட்டமுள்ள பகுதி என்பதால் குடியிருப்பவர் விலங்கை நெருங்கவோ வெளிச்சம் பாய்ச்சவோ கூடாது எனப் பாதுகாப்புப் பத்தி ஒன்று சேர்ப்பது நலம் என்று புதிதாகப் பரிந்துரைத்தது. தான் அடித்ததைத் தானே கண்டுபிடித்துத் தந்த அந்த அடக்கம் மெச்சத்தக்கது. மூன்றாம் முறை, ஒட்டுமொத்தமாகச் சிறப்பாக உள்ளது, எனினும் என்று ஆரம்பித்தது. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கோக்கிற பொறி அது. திருத்தம் கேட்டால் திருத்தம்தான் அடுத்து வரத்தக்க சொல். ஆகவே விதி: திருத்தத்தின் அளவு பிழையைப் பொறுத்ததல்ல, கேட்டதைப் பொறுத்தது.

மாமாவிடமும் இதே குணம் உண்டே என்று ஆட்சேபிக்கலாம். உண்டு. ஆனால் மாமாவுக்கு அசதி உண்டு. டீ ஆறும், மேட்டுப்பாளையம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும், "சரி, போடுய்யா கையெழுத்தை" என்பார். உலகத்தில் பத்திரங்கள் முடிவடைவது இந்த அசதியால்தான் என்பது ஆய்வாளரின் துணிபு. அசதியே இல்லாத திருத்துநரிடம் கொடுத்த ஒப்பந்தம் எந்த நேரத்தில் முடியும் என்று சட்ட நூல்களில் இதுவரை எழுதப்படவில்லை.

வெளியுலகத் தரவும் கொஞ்சம். நியூயார்க்கில் 2023-இல் இரு வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். கூடலூரைத் தாண்டினால் வந்துவிடும் கேரளத்தில், உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வகுத்து, தீர்ப்பு முடிவு செய்ய இந்தக் கருவிகள் கூடாது என்றது.

குன்னூரில் இவ்வளவு பெரிய அதிகாரம் யாரிடமும் இல்லை. பத்திர எழுத்தர்தான் இருந்தார். 9 பக்கத்தையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் புரட்டினார். பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம்: அடித்தல், திருத்தல், இடைச்செருகல், வெற்றிடம் எது இருந்தாலும் எழுதிக்கொடுப்பவர் அதற்குப் பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவாளர் வாங்க மறுக்கலாம். இந்த 11 மாதக் காகிதம் பதிவாளரிடம் போகப்போவதில்லை. ஆனாலும் தொழில் பழக்கம்.

"இத்தனை அடிச்சிருக்கே சார், பக்கத்துல யாரு சுருக்கொப்பம் போடுறது? அது வருமா?"

தம்பி திரையைக் காட்டினார். உதவியாளர் தந்ததைக் கோப்பில் ஒட்டியது அவர் என்பதால் ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் மேலும் திருத்தியவர் என்று அவர் பெயரே நின்றது, 7 நாள் பதிவுத் தபால் உட்பட. எழுத்தர் தலையசைத்தார்: "அப்ப நீங்கதான் போடணும். அம்பதுக்கு மேல இருக்கும் போல. பேனாவுல மை இருக்கா?"

ஐந்து நிமிடத்தில் தீர்மானமாயிற்று. பழைய 3 பக்கப் பிரதியே எடுக்கப்பட்டது. வாடகைத் தொகையின் எழுத்து வடிவம் மட்டும் நீல மையில் திருத்தப்பட்டு இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள். ஏழாம் பத்திக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா பேனாவை வாங்கி, 'டார்ச்' என்ற சொல்லுக்கு மேலே ஒரு கூம்புக் குறி போட்டு, 'செல்போன் டார்ச்சும்' என்று செருகிவிட்டு, பேனாவைத் தம்பியிடம் நீட்டினார்.