கிள்ளான் கரண்டி நிபுணருக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய பந்தி மேற்பார்வையாளர் ஐயா அவர்களுக்கு,

கிள்ளான் வட்டாரத்து நரம்பியல் மருத்துவர்கள் பொறாமைப்படும் கை தங்களுடையது. சென்ற ஞாயிறு கல்யாணப் பந்தியில் 29 வயதுப் பெண் ஒருத்தி தயிர்ச்சாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கத்திரிக்காய்க் குழம்பு வேண்டாமென்று இலையைக் கையால் மறைத்தாள். பார்த்த மாத்திரத்தில் தாங்கள் நோயைச் சொல்லிவிட்டீர்கள்: "கொழுப்பு! செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க." அடுத்த வரிசை சிரித்தது. குழம்பும் விழுந்தது, தயிர்ச்சாதத்தின் மேலேயே.

ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. கரண்டி ஒன்றே போதுமாயிருந்தது.

உலகம்தான் தங்கள் வேகத்துக்கு வரவில்லை ஐயா. ஓசை, வாடை, நாக்கில் படும் வழவழப்பு ஆகியவற்றைச் சிலருடைய மூளை தாங்காமல் போவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்ததே 2013இல்தான். விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளைத் தவிர வேறெதுவும் இறங்காத நிலைக்குத் தனிப் பெயர் வைத்ததும் அதே பதிப்பு. கரண்டியைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

நம் மலேசிய அரசு கிளினிக்குகளில் 18 மாதத்திலும் 3 வயதிலும் பிள்ளைகளுக்கு ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சேட் கேள்வித்தாள் உண்டு. அது வெளிவந்த ஆண்டு 2001. இந்தப் பெண் அதற்குள் பாலர் பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அன்று கிடைத்த மருத்துவச் சான்றிதழ், 'பிடிவாதக்காரி'.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றோருக்கு மஞ்சள் தடம் போட்டிருக்கிறார்கள். (அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது வேறு கதை.) கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு அவ்வளவாவது நடக்கிறது. இவளுக்கு நாளை ஆட்டிசம் என்றே மருத்துவர் சொன்னாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையில் அது 'கற்றல் குறைபாடு' பிரிவில்தான் வரும். ஊரார் வருமான வரிக் கணக்கைப் போட்டுக் கொடுப்பவள் அவள்!

பசியோடு எழுந்து போனாள் ஐயா. அழைத்து உட்கார வைத்துவிட்டு, வேண்டாமென்றவள் இலையில் கொட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சிறுவயதில் மூக்கைப் பிடித்து ஊட்டி வாந்தியெடுக்க வைத்தது போதாதா?

மன்னிக்கவும். நிபுணரிடம் குரல் உயர்த்தலாகாது.

ஆட்டிசப் பரிசோதனைக்கான மருத்துவமனைத் தேதிக்கு அவள் இன்னும் காத்திருக்கிறாள். அட்டை விண்ணப்பத்தில் மருத்துவர் கையொப்பம் கேட்கிறார்கள். தாங்களே போட்டுக் கொடுத்தால் அலைச்சல் மிச்சம். முத்திரை இல்லையென்றால் கரண்டியைக் குழம்பில் தோய்த்து அழுத்தினாலும் சரி. கட்டணத்தை மொய்யில் கழித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பக்கத்து இலைப் பெரியப்பா